பம்பிங் 60 என்றால் 60 மார்க் இல்லை

போன மாதம் சித்தப்பா மாஸ்டர் செக்கப் போய்வந்து, எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டைப் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்பினார். நான் திறந்து பார்ப்பதற்குள் போன். "டேய், பம்பிங் அறுபதுன்னு போட்டிருக்கான். அப்போ நாப்பது போச்சா?" குரலில் நிஜமான பயம்.

அதே வாரம் அத்தையிடம் பேசியபோது கதை நேர்மாறாக இருந்தது. அவருக்கு வயது 72. பம்பிங் 61. ஆனால் மாடி ஏறினால் பாதியில் நின்று கம்பியைப் பிடித்துக்கொள்கிறார். "டாக்டர் எக்கோ நல்லா இருக்குன்னுட்டார்ப்பா. பிபி மட்டும் கொஞ்சம் ஜாஸ்தியாம். அப்புறம் ஏன் எனக்கு இப்படி மூச்சு வாங்குது?"

ஒருவர் நல்ல எண்ணைப் பார்த்துப் பயப்படுகிறார், இன்னொருவர் நல்ல எண்ணை வைத்துக்கொண்டு கஷ்டப்படுகிறார். இரண்டு பேருமே அந்த எண்ணைப் பரீட்சை மார்க் மாதிரி படிக்கிறார்கள், இதயம் எழுதிய பரீட்சையில் இதயம் வாங்கிய மார்க் என்று. அந்தப் பரீட்சையை இதயம் தனியாக எழுதவே இல்லை. கூட உட்கார்ந்து எழுதியது ரத்தக்குழாய். நம் ஊரில் இதயத்தைப் பற்றிய பேச்சில் பெரும்பாலும் விட்டுப்போவது அந்தக் கூட்டாளிதான்.

அந்த 60 எதில் 60?

இதயத்தின் இடது கீழறைதான் உடம்பு முழுவதுக்கும் ரத்தத்தை அனுப்பும் அறை. ஒரு துடிப்புக்கு முன்னால் அதில் 120 மில்லி ரத்தம் நிரம்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அறை சுருங்கி 70 மில்லியை வெளியே தள்ளுகிறது, 50 மில்லி உள்ளேயே தங்கிவிடுகிறது. 120-ல் 70 என்பது சுமார் 58 சதவீதம். இதைத்தான் டாக்டர்கள் எஜெக்ஷன் ஃப்ராக்ஷன், சுருக்கமாக ஈஎஃப் என்கிறார்கள். நாம் சொல்லும் 'பம்பிங்' இதுதான்.

எந்த ஆரோக்கியமான இதயமும் மொத்தத்தையும் காலி செய்வதில்லை. 50-களின் நடுவிலிருந்து 70 வரை இருந்தால் சாதாரணம். ஆக, சித்தப்பாவுக்கு எதுவும் 'போகவில்லை'. அந்த 40 சதவீதம் அடுத்த துடிப்புக்காக உள்ளே காத்திருக்கும் ரத்தம்.

சரி, 70 வெளியே, 50 உள்ளே என்று தீர்மானித்தது யார்? தீபாவளிக்கு முறுக்கு பிழிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நாழியில் தேன்குழல் தட்டைப் போட்டு ஒரு அழுத்து அழுத்தினால் மாவு சரசரவென்று இறங்கும். அதே நாழியில் ஓமப்பொடித் தட்டை மாற்றிவிட்டு, அதே கையால், அதே பலத்தோடு அழுத்திப் பாருங்கள். கை வலிக்கும், மாவு கொஞ்சமாகத்தான் வரும். "கை பலம் குறைஞ்சுபோச்சு" என்று யாராவது சொன்னால் அத்தை சிரிப்பார். தட்டின் ஓட்டை சிறியது, அவ்வளவுதான்.

கை இதயம், தட்டு ரத்தக்குழாய். ஒரு அழுத்தில் எவ்வளவு இறங்கியது என்பது இரண்டும் சேர்ந்து கொடுத்த விடை. அதை மட்டும் பார்த்துவிட்டுக் கையின் பலத்தைச் சொல்ல முடியாது.

இதுவரை: பம்பிங் என்பது நிரம்பியதில் எத்தனை சதவீதம் வெளியேறியது என்ற கணக்கு. அதில் இதயத்தின் பலமும் இருக்கிறது, எதிரே இருக்கும் குழாயின் குணமும் இருக்கிறது.

குழாய் சும்மா இருப்பதில்லை

முறுக்குத் தட்டு இரும்பு, அது அசையாது. ரத்தக்குழாய் அப்படி இல்லை, அது மீள்தன்மை உள்ளது. இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி ஒவ்வொரு துடிப்புக்கும் கொஞ்சம் விரிந்து, வந்த ரத்தத்தில் ஒரு பகுதியைத் தன்னுள் வாங்கிவைத்துக்கொண்டு, இதயம் ஓய்வெடுக்கும் நேரத்தில் மெதுவாகச் சுருங்கி அதை முன்னால் அனுப்புகிறது.

ஆர்மோனியப் பெட்டியில் இதே வேலையைப் பார்க்கலாம். வாசிப்பவர் பின்பக்கத் துருத்தியை விட்டுவிட்டுத்தான் அழுத்துகிறார், ஆனால் ஸ்வரம் அறுபடாமல் வருகிறது. காரணம், பெட்டிக்குள் இன்னொரு துருத்தி காற்றைச் சேமித்து, ஸ்பிரிங் தள்ளத் தள்ளச் சீராக விடுகிறது. அந்த உள்துருத்தியின் தோல் காய்ந்து விறைத்துப்போனால் என்ன ஆகும்? கை அழுத்தும்போது சத்தம் எகிறும், விட்டவுடன் இறங்கும், வாசிப்பவர் கை ஓயாமல் அடிக்க வேண்டும். வயதானவர்களுக்கு மேல் பிபி 170, கீழ் பிபி 70 என்று இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி வருவதற்கு முக்கியக் காரணம் இதே விறைப்புதான். (இந்த ஒப்பீடு புதிதல்ல. 1733-லேயே ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் தமனியின் இந்த வேலையை, அந்தக் காலத் தீயணைப்புப் பம்பில் இருந்த காற்றறையோடு ஒப்பிட்டார். ஆர்மோனியம் பார்த்திருந்தால் அதைச் சொல்லியிருப்பார்.)

இன்னொரு விஷயமும் இருக்கிறது. மணிக்கட்டில் தட்டுப்படும் நாடி ஓடிவரும் ரத்தம் என்று பலரும் நினைக்கிறோம். அது அலை. துணி காயப்போடும் கயிற்றின் ஒரு முனையைச் சுண்டினால், கயிறு நகராமலே ஒரு நெளிவு மறுமுனை வரைக்கும் ஓடி, கம்பத்தில் முட்டித் திரும்பி வரும் இல்லையா, அந்த மாதிரி. கயிறு தளர்வாக இருந்தால் நெளிவு மெதுவாகப் போகும், இறுக்கிக் கட்டினால் விரைவாக ஓடித் திரும்பும். இளவயதுப் பெருந்தமனியில் இந்த அலை நொடிக்கு சுமார் 5, 6 மீட்டர் வேகத்தில் போகிறது. விறைத்த தமனியில் 10 மீட்டரைத் தாண்டிவிடும். வேகமாகப் போனது வேகமாகத் திரும்புகிறது, இதயம் இன்னும் பிழிந்துகொண்டிருக்கும்போதே எதிரே வந்து நிற்கிறது. கதவைத் தள்ளித் திறக்கும் நேரத்தில் மறுபக்கத்திலிருந்தும் ஒருவர் தள்ளுவதைப் போல.

ஒரே தராசில் இரண்டையும் வைப்பது

இதயமும் குழாயும் ஒன்றுக்கொன்று பொருத்தமா என்று பார்க்க வேண்டும். ஆனால் எதை வைத்துப் பார்ப்பது? மோட்டாரை குதிரைத்திறனில் சொல்கிறோம், பைப்பை அங்குலத்தில் சொல்கிறோம். 5 குதிரைத்திறன் பெரியதா, 2 அங்குலம் பெரியதா என்று கேட்டால் அந்தக் கேள்விக்கே அர்த்தம் இல்லை.

இந்த முடிச்சை அவிழ்த்தது அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வேலை செய்த ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள். ஹிரோயுகி சுகா, கீச்சி சகாவா இருவரும் 1970-களில் நாயின் இதயத்தை வைத்து, சுருங்கி முடிக்கும் கணத்தில் அது எவ்வளவு 'கெட்டியாக' ஆகிறது என்பதை அளந்தார்கள். 1983-ல் கென்ஜி சுனகாவாவும் கூட்டாளிகளும் குழாய்களையும் அதே அலகில் எழுத முடியும் என்று காட்டினார்கள். அந்த அலகு மிகவும் எளிமையானது: ஒரு மில்லிக்கு எத்தனை அழுத்தம். இதற்கு எலாஸ்டன்ஸ் என்று பெயர். அந்தப் பெயரை ஒருமுறை தெரிந்துகொண்டு மறந்துவிடலாம், நான் இனி இரண்டு தமிழ்ச் சொற்களால் சொல்கிறேன்.

ஒன்று 'பிடி', அதாவது இதயம் சுருங்கி முடிக்கும்போது அதன் முஷ்டி எவ்வளவு இறுக்கம் என்பது. பிடி வலுவாக இருந்தால், எதிரே பெரிய அழுத்தம் இருந்தாலும் அறைக்குள் கொஞ்சம் ரத்தம்தான் மிஞ்சும்.

மற்றொன்று 'சுமை', ஒரு மில்லி ரத்தத்தை வாங்கிக்கொள்ள குழாய்கள் எவ்வளவு அழுத்தம் கேட்கின்றன என்பது. குழாய் விறைப்பானால், சிறு குழாய்கள் சுருங்கினால், நாடித்துடிப்பு கூடினால், மூன்றிலுமே சுமை ஏறும்.

பொருத்தம் என்பது சுமையை பிடியால் வகுத்தால் வரும் எண். பத்துப் பொருத்தம் எல்லாம் வேண்டாம், இந்த ஒன்று போதும். 0.5 அருகில் இருந்தால் இதயம் நல்ல மைலேஜ் கொடுக்கிறது, குறைந்த ஆக்ஸிஜனில் வேலை நடக்கிறது. 1-க்கு அருகில் வந்தால் அதிகபட்ச வேலை கிடைக்கிறது, ஆனால் சிக்கனம் குறைகிறது. ஆரோக்கியமானவர்களின் உடம்பு ஓய்வில் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவிலோ 1-ஐ ஒட்டியோ இருக்கும். சுமை பிடியை மிஞ்சி 1.5, 2 என்று போனால் பொருத்தம் கெட்டுவிட்டது.

எக்கோ அறையில் என்ன நடக்கிறது

பிடியைச் சரியாக அளக்க, இதயத்துக்குள் குழாய் செலுத்தி, உள்ளே வரும் ரத்தத்தைச் சில நொடிகள் குறைத்து, துடிப்புக்குத் துடிப்பு என்ன மாறுகிறது என்று பார்க்க வேண்டும். மாடிப்படியில் மூச்சு வாங்குகிறது என்று வந்தவருக்கு இதையெல்லாம் செய்ய மாட்டார்கள். அதனால்தான் எக்கோ.

எக்கோ என்பது ஒலி. 1953-ல் சுவீடனின் லுண்ட் நகரில் இங்கே எட்லர் என்ற மருத்துவரும் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும் இதயத்தை முதன்முதலில் இப்படிப் பார்த்தபோது, அவர்கள் இரவல் வாங்கிய கருவி கப்பல் கட்டும் தளத்தில் இரும்பில் விரிசல் தேடுவதற்கு வைத்திருந்தது. இன்றைக்கும் அடிப்படை அதேதான், ஒலி போகிறது, முட்டித் திரும்புகிறது, நேரத்தை வைத்துத் தூரம் தெரிகிறது.

விளக்கைக் குறைத்த அறை. இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்வார்கள், அப்போதுதான் இதயம் நெஞ்சுச் சுவரை ஒட்டி வரும், நடுவில் இருக்கும் நுரையீரல் விலகும். சில்லென்று ஜெல். விலா எலும்புக்கு நடுவே புரோபை அழுத்தி, "மூச்சை விட்டு அப்படியே நிறுத்துங்க" என்பார்கள். திரையில் கருப்புப் பை மாதிரி அறை விரிந்து சுருங்கும். முழுதாக விரிந்த படத்திலும் முழுதாகச் சுருங்கிய படத்திலும் உள்சுவரைக் கோடு போட்டு வரைந்தால், மெஷின் அந்த வடிவத்தை வெள்ளரிக்காய் மாதிரி வில்லை வில்லையாக நறுக்கி, ஒவ்வொரு வில்லையின் அளவையும் கூட்டிக் கொள்ளளவைச் சொல்லும். கூட்டமான நாளில் கோடு போடாமல் கண்ணளவிலேயே எண்ணைச் சொல்வதும் உண்டு. அனுபவசாலிக்கு அது பெரும்பாலும் சரியாக வரும், ஆனால் நாலைந்து சதவீதம் முன்னே பின்னே போவது சகஜம். போன வருஷம் 62, இந்த வருஷம் 59 என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

பிறகு திடீரென்று உஷ், உஷ் என்று ஒரு சத்தம் கேட்கும். பலர் அதைத் தங்கள் இதயத்துடிப்பின் சத்தம் என்று நினைத்துப் பயப்படுவார்கள். அது டாப்ளர், ஓடும் ரத்தத்தில் பட்டுத் திரும்பும் ஒலியின் சுருதி எவ்வளவு மாறியது என்பதை வைத்து வேகத்தை அளக்கும் முறை. அந்த மாற்றம் காதுக்கு எட்டும் அளவில் இருப்பதால் ஸ்பீக்கரில் கேட்கிறது.

ஒரு துடிப்புக்கு எத்தனை மில்லி வெளியேறியது என்பதை இதிலிருந்தும் எடுக்கலாம். இதயத்தின் வெளிவாசல் விட்டம் 2 செ.மீ. என்றால் வட்டத்தின் பரப்பு 3.14 சதுர செ.மீ. ஒரு துடிப்பில் ரத்தம் அந்த வாசல் வழியாக 20 செ.மீ. தூரம் நகர்ந்தது என்று டாப்ளர் சொன்னால், இரண்டையும் பெருக்கி 63 மில்லி. அழகான கணக்கு, ஆனால் ஒரு பள்ளம் இருக்கிறது. விட்டத்தை 2.2 என்று தப்பாக அளந்தால் விடை 76 ஆகிவிடும். இரண்டு மில்லிமீட்டர் தவறுக்கு 20 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம், ஏனென்றால் பரப்புக் கணக்கில் விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்குகிறோம்.

இதோடு கையில் பட்டை கட்டி எடுக்கும் பிபி சேர வேண்டும். மேல் பிபியில் 90 சதவீதத்தை, இதயம் பிழிந்து முடிக்கும் கணத்தின் அழுத்தமாக எடுத்துக்கொள்வது வழக்கம். அவ்வளவுதான், சாமான் எல்லாம் வந்துவிட்டது.

சுருக்கமாக: எக்கோவிலிருந்து இரண்டு எண், வெளியேறிய மில்லியும் மிஞ்சிய மில்லியும். பிபி கருவியிலிருந்து ஓர் எண். அழுத்தத்தை வெளியேறியதால் வகுத்தால் சுமை, அதே அழுத்தத்தை மிஞ்சியதால் வகுத்தால், தோராயமாக, பிடி.

மூன்று பேர் கணக்கு

விளக்குவதற்காக நானே போட்ட எண்கள் இவை, யாருடைய ரிப்போர்ட்டும் இல்லை.

முதலாமவர் சித்தப்பா மாதிரி. நிரம்பியது 120, வெளியேறியது 70, மிஞ்சியது 50. மேல் பிபி 120, அதில் 90 சதவீதம் 108. சுமை 1.5, பிடி 2.2, பொருத்தம் 0.7. பம்பிங் 58.

இரண்டாமவர் அத்தை மாதிரி. நிரம்பியது 90, வெளியேறியது 55, மிஞ்சியது 35. மேல் பிபி 170, அழுத்தம் 153. சுமை 2.8, பிடி 4.4, பொருத்தம் 0.64. பம்பிங் 61.

பொருத்தத்தையும் பம்பிங்கையும் மட்டும் பார்த்தால் இருவரும் ஒன்றுதான், அத்தை ஒரு படி மேல் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் சுமையையும் பிடியையும் தனித்தனியாகப் பாருங்கள், இரண்டுமே கிட்டத்தட்ட இரட்டிப்பு. வருஷக்கணக்காகக் குழாய் விறைக்க விறைக்க, ஈடுகொடுக்க இதயமும் முறுக்கேறிக்கொண்டே வந்திருக்கிறது. ஓமப்பொடித் தட்டுக்கு ஏற்றபடி கையும் மரத்துக் கெட்டியாகிவிட்டது.

இது ஏன் பம்பிங்கில் தெரியவில்லை? சுமையை பிடியால் வகுக்கும்போது மேலேயும் கீழேயும் ஒரே அழுத்தம் இருக்கிறதே, அது அடிபட்டுப் போகிறது. மிஞ்சுவது 50-ஐ 70-ஆல் வகுப்பதுதான், அதாவது உள்ளே நின்றதை வெளியே போனதால் வகுப்பது. பம்பிங் என்ற எண்ணையே வேறு விதமாக எழுதியதுதான் இது. பம்பிங் 50 என்றால் பொருத்தம் 1, பம்பிங் 33 என்றால் பொருத்தம் 2. பிபி 120-ஆ 170-ஆ என்ற செய்தி அந்த எண்ணுக்குள் நுழையவே இல்லை. என்னைக் கேட்டால், இந்த ஒரு வகுத்தல் கணக்கைப் புரிந்துகொண்டவர் 'எக்கோ நார்மல், பிபி மட்டும் ஜாஸ்தி' என்று இரண்டையும் வேறு வேறு வீட்டுச் சமாசாரம் மாதிரி பேச மாட்டார்.

மூன்றாமவருக்கு ஹார்ட் அட்டாக் வந்து தசை பலவீனமாகிவிட்டது. நிரம்பியது 200, வெளியேறியது 60, மிஞ்சியது 140, மேல் பிபி 110. சுமை 1.65, பிடி வெறும் 0.7, பொருத்தம் 2.3. பம்பிங் 30.

இப்போது இரண்டாமவருக்கும் மூன்றாமவருக்கும் குழாயைத் தளர்த்தும் மருந்து கொடுத்து, சுமையை 27 சதவீதம் குறைப்பதாக வைத்துக்கொள்வோம். மற்றதெல்லாம் அப்படியே இருந்தால், பலவீன இதயக்காரருக்கு வெளியேறும் ரத்தம் 60-லிருந்து 74 மில்லி ஆகிறது, பிபி 110-லிருந்து 99-க்குத்தான் இறங்குகிறது. அத்தை மாதிரி இருப்பவருக்கோ பிபி 170-லிருந்து 139-க்குத் தடாலென்று விழுகிறது, வெளியேறும் ரத்தம் 55-லிருந்து 61-தான். ஒரே அளவு தளர்த்தல், ஒருவருக்கு ஓட்டமாகக் கிடைக்கிறது, இன்னொருவருக்கு அழுத்த வீழ்ச்சியாகக் கிடைக்கிறது. பம்பிங் 30 இருப்பவருக்கு 'பிபி ஏற்கெனவே கம்மிதானே, எதுக்கு பிபி மாத்திரை?' என்று வீட்டில் கேட்பார்கள். பதில் இங்கே இருக்கிறது. அவருக்கு அது பிபி மாத்திரையாகக் கொடுக்கப்படவில்லை, தட்டை மாற்றுவதற்காகக் கொடுக்கப்பட்டது.

அத்தைக்கு மாடிப்படியில் நடப்பதும் இதே கணக்குதான். படி ஏறும்போது ஆரோக்கியமான இதயம் பிடியைச் சட்டென்று கூட்டும், பொருத்த எண் இறங்கும். ஏற்கெனவே முறுக்கேறி நிற்கும் இதயத்துக்குக் கூட்ட அதிகம் மிச்சமில்லை. குழாய் விறைப்பால் பிபி எகிறுகிறது, முறுக்கேறிய அறை சரியாகத் தளர்ந்து நிரம்பவும் மாட்டேன் என்கிறது, அழுத்தம் பின்னால் நுரையீரல் பக்கம் தேங்குகிறது. படுத்த நிலையில் எடுத்த எக்கோவில் இது அவ்வளவாகத் தெரியாது.

கணக்கு எங்கே காலை வாரும்

'தோராயமாக' என்று மேலே ஒரு வார்த்தை போட்டேன். அழுத்தமே இல்லாவிட்டால் அறை முழுதாகக் காலியாகிவிடும் என்று அந்தச் சுலபக் கணக்கு நம்புகிறது. பெருத்துப்போன இதயத்தில் அது உண்மையில்லை. இதைச் சரிக்கட்ட 2001-ல் ஒரு முறை வந்தது. பிபி, வெளியேறிய அளவு, ஈஎஃப் இவற்றோடு, வால்வு திறக்கும் முன் இதயம் எவ்வளவு நேரம் முறுக்குகிறது என்ற நேரக்கணக்கையும் சேர்த்து, ஒரே துடிப்பிலிருந்து பிடியை மதிப்பிடுவார்கள். ஆராய்ச்சியில் அதிகம் பயன்படுகிறது, வழக்கமான ரிப்போர்ட்டில் தேடினால் கிடைக்காது.

வால்வு கசிந்தால் கணக்கு இன்னும் மோசம். இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள மைட்ரல் வால்வு கசியும்போது ரத்தம் பின்பக்கமாக, அழுத்தம் குறைந்த மேலறைக்குள் நழுவுகிறது. அறை நன்றாகக் காலியாகிறது, பம்பிங் 65 என்று வருகிறது, அதில் எவ்வளவு உடம்புக்குப் போனது என்பது வேறு கதை.

ஸ்ட்ரெயின் என்று ஓர் அளவு இப்போது சில ரிப்போர்ட்டுகளில் வருகிறது. சுருங்கும்போது இதயத் தசை நீளவாக்கில் எத்தனை சதவீதம் குட்டையாகிறது என்பது அது. சுமார் 20 இருந்தால் நல்லது, மைனஸ் குறியோடு போடுவார்கள், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். பம்பிங் நன்றாக இருக்கும்போதே சுமையின் பாதிப்பை இது முதலில் காட்டிக்கொடுப்பதுண்டு. ஆனால் இதுவும் பிபி ஏறினால் இறங்கும். எந்த எண்ணை எடுத்தாலும் பக்கத்தில் அந்த நேரத்து பிபி இல்லாமல் பாதிக் கதைதான்.

அத்தையின் ரிப்போர்ட்டில் பிபி போடும் இடம் காலியாக இருந்தது. பிபி எவ்வளவு என்று பார்க்க ஓ.பி. சீட்டைத் தேடி எடுத்தோம், அது எக்கோவுக்கு இரண்டு நாள் முந்தையது. டாக்டர் மாத்திரையை மாற்றி, உப்பைக் குறைக்கச் சொல்லி, சில மாதம் கழித்து மறுபடி எக்கோ எடுக்க அனுப்பியபோது, அத்தை ஜெல்லைத் துடைக்கும் முன்பே "பிபியும் பாத்து இதுலயே எழுதிடும்மா" என்று எக்கோ எடுத்த பெண்ணிடம் கேட்டிருக்கிறார். ரிப்போர்ட்டின் மூலையில் நீல பேனாவில் 142/70. பம்பிங் 63. இப்போது மாடிக்கு நிற்காமல் போய்விடுகிறார், துணிக்கூடை இருந்தால் மட்டும் திருப்பத்தில் ஒருமுறை நிற்கிறார்.

சித்தப்பாவிடம் அந்த ரிப்போர்ட்டைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பரவாயில்லையே, ரெண்டு மார்க் ஏறியிருக்கு."